அறுவை சிகிச்சைக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டுவது எப்படி? எஸ்டிமேட் முதல் கடைசிக் கணக்கு வரை

மருத்துவமனையில் கொடுத்த எஸ்டிமேட் தாளைப் படம் எடுத்து, பக்கத்திலேயே நோயாளியின் முகத்தையும் ஜிபே நம்பரையும் போட்டு, 'தயவுசெய்து பகிரவும்' என்று வாட்ஸ்அப்பில் விட்டுவிடுகிறோம். வீட்டில் ஒருவருக்குப் பெரிய ஆபரேஷன் என்றதும் இன்று பலர் செய்யும் முதல் வேலை இதுதான். நான் சொல்லப்போகும் வரிசையில் அது ஆறாவதோ ஏழாவதோதான் வரும். அதற்கு முன்னால் உள்ளதைச் சரியாகச் செய்தால் பல குடும்பங்களுக்கு யாரிடமும் கேட்க வேண்டிய நிலையே வராது. வந்தாலும் கேட்கிற தொகை நன்றாகக் குறைந்துவிடும்.

எனக்குச் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். ஆடி பிறந்தால் மொய் விருந்து நடக்கும் சீமை. கறிச்சோறு போட்டு, பந்தல் வாசலில் மேசை போட்டு, யார், எந்த ஊர், எவ்வளவு என்று நோட்டில் எழுதி வாங்குவார்கள். வாங்கியதை அவரவர் வீட்டு விருந்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். சிகிச்சைக்கு வரும் பணம் திருப்பிச் செய்ய வேண்டிய மொய் கிடையாது. ஆனாலும் அந்த நோட்டின் ஒழுங்கு இதற்கு அப்படியே வேண்டும். ஊரில் மூன்று குடும்பங்களுக்காக அப்படி நோட்டு வைத்துக் கணக்கு எழுதியிருக்கிறேன். அதில் முதல் முறை நாங்கள் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில், யாரிடமும் கேட்காமல் கிடைப்பதைக் கேளுங்கள்

அது ஒரு குழந்தையின் இதயத்தில் இருந்த துளைக்கான அறுவை சிகிச்சை. ஒரு தனியார் மருத்துவமனை சொன்ன தொகையைக் கேட்டு மிரண்டுபோய் அன்று ராத்திரியே குரூப்பில் செய்தி போட்டுவிட்டோம். இரண்டு லட்சம் சேர்ந்த பிறகுதான், அதே ஆபரேஷனை ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்துகொள்ள வழி இருந்தது எங்களுக்குத் தெரிந்தது. ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிறார் நலத் திட்டம் 2013-லிருந்து நாடு முழுக்க இருக்கிறது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதித்து, இதயக் குறை, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம் போன்ற பிறவிக் குறைகளுக்குச் சிகிச்சைக்கு அனுப்பும் திட்டம் அது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு அந்தத் திட்டத்தைச் சேர்ந்ததுதான். எங்களுக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதல் நாளே பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012-ல் இன்றைய பெயரைப் பெற்றது. பிறகு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் இருந்தால், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை சிகிச்சை. முன்பு வருமான வரம்பு ₹72,000 ஆக இருந்தது. அந்தக் காலத்தில் 'உங்களுக்குக் கிடையாது' என்று திருப்பி அனுப்பப்பட்ட பலர் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இத்திட்டம் உண்டு.

அட்டை இல்லையென்றால் பதற வேண்டாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருமானச் சான்றிதழ் வாங்குங்கள். குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போய்ப் பதியுங்கள். நோயாளி ஏற்கெனவே படுக்கையில் இருக்கிறார் என்றால், மருத்துவமனைக் கடிதத்தைக் கையில் கொண்டுபோய் அவசரத்தைச் சொல்லுங்கள். சந்தேகங்களுக்கும் புகார்களுக்கும் கட்டணமில்லா எண் 1800 425 3993. திட்டத்தில் உள்ள சிகிச்சைக்கு 'மேற்கொண்டு இவ்வளவு கட்டினால்தான் செய்வோம்' என்று யாராவது சொன்னால், கட்டுவதற்கு முன்னால் அந்த எண்ணில் கேளுங்கள். உறுப்பு மாற்று போன்ற பெரும் செலவுச் சிகிச்சைகளுக்கு இந்தத் திட்டத்துக்குள்ளேயே தனி நிதித் தொகுப்பு இருக்கிறது. காது கேளாத சிறு குழந்தைகளுக்கான காக்ளியர் கருவியும் திட்டத்தில் உண்டு.

வருமானம் வரம்பைத் தாண்டுகிறது என்பவர்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் ₹21,000-க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால், தொழிலாளிக்கு மட்டுமல்லாமல் அவரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் உயர் சிகிச்சை வரை உரிமை உண்டு. பனியன் கம்பெனியிலும் ஸ்பின்னிங் மில்லிலும் வேலை பார்க்கும் எத்தனையோ பேர் மாதாமாதம் பிடித்தம் கொடுத்துவிட்டு, தேவை வரும்போது அதை மறந்துவிட்டு வட்டிக்கு ஓடுகிறார்கள். பி.எஃப். இருந்தால் மருத்துவத்துக்கென்று முன்பணம் எடுக்கலாம். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வருமானம் எதுவும் கேட்காமல், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம்.

இவற்றுக்கும் மேலே இன்னும் சில கதவுகள் உண்டு. பிரதமரின் தேசிய நிவாரண நிதி 1948-லிருந்து இருக்கிறது. இதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்றவற்றுக்கு, அரசு மருத்துவமனையிலோ அந்த நிதியின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலோ சிகிச்சை என்றால், செலவில் ஒரு பகுதி கிடைக்கக்கூடும். நோயும் உத்தேசச் செலவும் எழுதிய மருத்துவச் சான்றின் அசல், வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, இரண்டு புகைப்படம் ஆகியவை வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்தில் கேட்டால் கடிதம் வைத்து அனுப்ப உதவுவார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பம் புதுச்சேரி ஜிப்மர் போன்ற மத்திய அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி பற்றி அங்கேயே விசாரியுங்கள். அதன் உச்ச வரம்பு ₹15 லட்சம். மாநில அளவில் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு விண்ணப்பம் கொடுக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம்.

மருத்துவமனையை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்

அரசு மருத்துவமனை என்றதும் முகம் சுளிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சென்னை ஸ்டான்லியிலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் கல்லீரல், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைகளே நடக்கின்றன. ஓமந்தூரார் வளாகத்திலும், 2023 ஜூனில் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையிலும் உயர் சிறப்புப் பிரிவுகள் உள்ளன. இதய நோய்க்கு, புட்டபர்த்தியில் 1991-லிருந்தும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் 2001-லிருந்தும் இயங்கும் சத்ய சாய் மருத்துவமனைகளில் பில் போடும் கவுண்டரே கிடையாது. காத்திருப்பு இருக்கும், ஆகவே 'இந்த ஆபரேஷனை எத்தனை வாரம் தள்ளிப்போடலாம்?' என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். 'இந்த வாரமே' என்றால் ஒரு வழி, 'மூன்று மாதத்துக்குள்' என்றால் வேறு வழி. அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் சில லட்சங்களை மிச்சப்படுத்தும்.

இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பது ஆகாது. ஸ்கேன் சி.டி.யையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

எஸ்டிமேட் தாளைப் படியுங்கள்

பணம் திரட்டும் வேலைக்கு எஸ்டிமேட் கடிதம்தான் அடித்தளம். துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிய '7 லட்சம்' போதாது. மருத்துவமனையின் லெட்டர்பேடில், நோயாளியின் பெயர், மருத்துவமனைப் பதிவு எண், நோயின் பெயர், என்ன ஆபரேஷன், எத்தனை நாள் ஐ.சி.யூ., எத்தனை நாள் வார்டு, கருவி அல்லது இம்ப்ளான்ட் விலை தனியாக, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, தேதி ஆகியவை இருக்க வேண்டும். கொடுப்பவரும் இதைத்தான் பார்ப்பார், நிதி திரட்டும் தளமும் இதைத்தான் கேட்கும்.

கேட்க வேண்டியவை: இந்தத் தொகையில் மருந்தும் ரத்தமும் சேர்த்தியா? சிக்கல் வந்து ஐ.சி.யூ. நாள் கூடினால் ஒரு நாளைக்கு எவ்வளவு? பொது வார்டில் இருந்தால் எவ்வளவு குறையும்? வார்டு மாறினால் பல இடங்களில் அறை வாடகை மட்டுமல்ல, அறுவைக் கட்டணமும் சேர்ந்து மாறும். இதய ஸ்டென்டுக்கும் முழங்கால் மூட்டுக் கருவிக்கும் 2017-லிருந்து மத்திய அரசின் விலை உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரியை மட்டும் தனியாகச் சரிபாருங்கள். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். கேஷ் கவுண்டரில் மன்றாடுவதைவிட அவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து குடும்ப நிலையைச் சொல்வது பலன் தரும். கழிவு, தவணை, அந்த மருத்துவமனைக்கு வழக்கமாக உதவும் அறக்கட்டளைகள் என எல்லாமே அவருக்குத் தெரியும்.

கேட்கிற தொகையை எப்படிக் கணக்கிடுவது

ஒரு மாதிரிக் கணக்கு. எஸ்டிமேட் ₹6,50,000. கையிருப்பும் நகைக் கடனும் ₹90,000, பி.எஃப். முன்பணம் ₹60,000, மருத்துவமனை குறைத்தது ₹50,000. மீதி ₹4,50,000. இதோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான பிழை. ஆபரேஷன் முடிந்த பிறகு மூன்று மாதத்துக்கு மருந்தும் மறுபரிசோதனையும் ₹45,000, கூட இருப்பவர் தங்க, போய்வர ₹25,000 என்று வைத்தால் ₹5,20,000. இணையதளம் வழியாகத் திரட்டினால் பணப் பரிமாற்றக் கட்டணம் போகும். அதற்கும் சேர்த்து ₹5,36,000 என்று வையுங்கள். இந்த எல்லா வரிகளையும் வேண்டுகோளிலேயே எழுதுங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று பத்து லட்சமாக உருட்டிப் போடாதீர்கள். எஸ்டிமேட்டில் ஆறரை லட்சம், கேட்பது பத்து லட்சம் என்றால் படிப்பவர் மனதில் முதலில் எழுவது சந்தேகம்தான்.

சிறுநீரகம், கல்லீரல் மாற்று என்றால் நோய் எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க வேண்டும். அந்த மாதச் செலவை யார், எப்படிச் சமாளிப்பது என்று பணம் திரட்டும் முன்பே மருத்துவரோடு பேசிவிடுங்கள். பணம் கேட்கும் செய்தியில் 'சிறுநீரகம் தருபவருக்கு உதவித் தொகை உண்டு' என்று ஒரு வரி கூட வந்துவிடக் கூடாது. 1994-ன் உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பதும் வாங்குவதும் அதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம்.

பணம் எந்தக் கணக்கில் வர வேண்டும்

மிக அதிகமாகச் சிக்கல் வருவது இங்கேதான்.

முதல் விருப்பம், மருத்துவமனையின் கணக்குக்கே நேராகச் செலுத்தச் சொல்வது. நோயாளியின் பதிவு எண்ணைக் குறிப்பில் எழுதச் சொல்லி, வந்த பணத்துக்கு மருத்துவமனையிடம் ரசீது வாங்கிக்கொள்ளலாம். கொடுப்பவருக்கு முழு நம்பிக்கை; உங்களுக்குக் கணக்குச் சுமை இல்லை. சிறு தொகைகளை இப்படி வாங்க எல்லா மருத்துவமனையும் ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் பெரிய தொகை தருபவரை எப்போதும் இந்த வழிக்கே திருப்புங்கள்.

இரண்டாவது, ஊர்க் குழுவின் கணக்கு. கேரளத்தில் 'சிகிச்சை உதவிக் குழு' என்று இதற்குப் பழகிய முறையே இருக்கிறது. வார்டு உறுப்பினர், தலைமை ஆசிரியர், கோயில் அல்லது பள்ளிவாசல் பொறுப்பாளர் என ஊர் நம்புகிற நாலு பேர் சேர்ந்து கூட்டுக் கணக்கு தொடங்கி, அந்த எண்ணைத்தான் நோட்டீஸில் அச்சடிப்பார்கள். நம் ஊர்களிலும் இதைச் செய்ய முடியும். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம் என்று வையுங்கள். அப்படிப்பட்ட கணக்கைப் பொதுவாக யு.பி.ஐ.யில் இணைக்க முடியாது. வங்கி எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, நோயாளியின் அல்லது நெருங்கிய உறவினரின் சொந்தக் கணக்கு. இதுதான் எளிது, ஆனால் கண்ணிகள் உள்ளது. முழு ஆவணம் கொடுக்காமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால் ஆண்டுக்கு மொத்தம் ₹1 லட்சத்துக்கு மேல் வரவு ஆகாது, இருப்பும் ₹50,000-ஐத் தாண்டக் கூடாது. கேட்கும் செய்தியை அனுப்பும் முன்னால் வங்கிக்குப் போய் கே.ஒய்.சி. (அடையாள ஆவணச் சரிபார்ப்பு) முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். அதே நேரத்தில் கிளை மேலாளரிடம் எஸ்டிமேட் நகலைக் கொடுத்து, 'சிகிச்சைக்காகப் பலரிடமிருந்து சிறு தொகைகள் வரும்' என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆயிரம் பேரிடமிருந்து வரும் பணத்தில் யாரோ ஒருவர் அனுப்பியது சைபர் மோசடிப் பணமாக இருந்துவிட்டால், போலீஸ் உத்தரவில் கணக்கு முடங்கும். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் சேரச் சேர மருத்துவமனையில் கட்டிவிடுங்கள்.

வரி பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் ₹50,000-க்கு மேல் அன்பளிப்பாக வந்தால், அது பெறுபவரின் வருமானமாகக் கருதப்படும். பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாக வருவதற்கு இந்தச் சிக்கல் இல்லை. பெரிய தொகை சொந்தக் கணக்கில் வந்திருந்தால், பில்களையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்திக்கொண்டு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். கொடுப்பவர் பக்கம், தனிநபருக்குத் தரும் பணத்துக்கு வரிக் கழிவு கிடையாது. அனுமதி பெற்ற அறக்கட்டளைக்குத் தந்தால்தான் உண்டு. ரொக்கமாக ஒருவரிடமிருந்து ₹2 லட்சமோ அதற்கு மேலோ வாங்கவே கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் பற்றி ஒரு தனிக் குறிப்பு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் வங்கி வழியாகத் தன் சேமிப்பை அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியா, கனடா குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும் அப்படித்தான். நெருங்கிய உறவினர் அனுப்புவதற்கு விலக்கு உண்டு. மற்றவர்களை, வெளிநாட்டுப் பணம் பெற அனுமதி உள்ள அமைப்பு வழியாகவோ நிதி திரட்டும் தளத்தின் அதற்கான வழியிலோ செலுத்தச் சொல்லுங்கள்.

மிலாப், கெட்டோ, இம்பாக்ட்குரு போன்ற தளங்கள்

இணையம் வழியாக நிதி திரட்டும் தளங்களில் மிலாப் 2010-லும் கெட்டோ 2012-லும் தொடங்கியவை. இம்பாக்ட்குருவும் அதே வகைத் தளம். நோயாளியின் அடையாள ஆவணம், எஸ்டிமேட், மருத்துவ அறிக்கை ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகுதான் பணம் எடுக்க விடுவார்கள். மருத்துவமனைக்கே நேராக அனுப்பும் வழியும் உண்டு. சரிபார்ப்புக்கு நேரம் ஆகும் என்பதால் முதல் நாளே ஆவணங்களை ஏற்றிவிடுங்கள்.

கட்டணத்தைக் கவனமாகப் படியுங்கள். 'தளக் கட்டணம் பூஜ்யம்' என்று இருந்தாலும் பணப் பரிமாற்றக் கட்டணமும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் போகும். கொடுப்பவர் பக்கத்தில் தளத்துக்கு 'டிப்' என்று ஒரு தொகை முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கலாம். அதைப் பூஜ்யமாக்க முடியும் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பிரசாரத்தை விளம்பரம் செய்ய ஒரு பங்கு எடுத்துக்கொள்வோம் என்று அழைப்பு வந்தால், எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள். ஐந்து லட்சத்துக்குள் தேவை, ஊரும் உறவும் உண்டு என்றால் தளம் இல்லாமலே முடியும் என்பது என் அனுபவம். அதற்கு மேலே போனால், முகம் தெரியாதவர் நம்புவதற்குத் தளத்தின் சரிபார்ப்பு உதவுகிறது.

2021-ல் தண்டுவடத் தசைநார் சிதைவு நோய் உள்ள குழந்தைகளுக்கு ₹16 கோடி மருந்துக்காக மக்கள் அள்ளிக் கொடுத்ததைப் பார்த்தோம். அந்தச் செய்தியைப் பார்த்து, இணையத்தில் போட்டால் பணம் தானாக வரும் என்று பலர் நம்பிவிட்டார்கள். தளத்தில் பக்கம் திறப்பது வாசலில் நோட்டுப் போடுவது மாதிரிதான். விருந்துக்கு ஆளை அழைக்க நீங்கள்தான் வீடு வீடாகப் போக வேண்டும்.

வேண்டுகோளை எழுதுவது

நோயாளியிடம் அனுமதி கேளுங்கள். நினைவோடு இருப்பவரிடம் கேட்காமல் அவர் குழாய் மாட்டிப் படுத்திருக்கும் படத்தை ஊருக்கு அனுப்பக் கூடாது. குணமாகி வந்த பிறகு அவர் இதே தெருவில் நடக்க வேண்டும். சாதாரணமாக வீட்டில் சிரித்தபடி இருக்கும் படம் ஒன்று போதும். குழந்தை என்றால் பள்ளியின் பெயரும் வீட்டு முகவரியும் வேண்டாம். ஆதார் அட்டையைப் பொதுவில் போடவே போடாதீர்கள்.

எழுத்தில் கண்ணீரைவிட விவரம் வேலை செய்யும். ஒரு மாதிரி:

"வணக்கம். இவர் என் அண்ணன், வயது 36. சொந்த ஊரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பெண் குழந்தைகள். போன மாதம் மூச்சுத் திணறல் வந்து பார்த்ததில் இதய வால்வு கெட்டுவிட்டது தெரிந்தது. மூன்று வாரத்துக்குள் மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். காப்பீட்டுத் திட்டத்தில் கேட்டோம். வருமான வரம்பால் கிடைக்கவில்லை. மொத்தச் செலவு ₹6,50,000. எங்களால் முடிந்தது, மருத்துவமனை குறைத்தது எல்லாம் போக, மருந்துச் செலவையும் சேர்த்து ₹5,36,000 தேவை. எஸ்டிமேட்டும் கணக்கும் கீழே இருக்கின்றன. பணம் மருத்துவமனையில் கட்டப்படும். வந்த தொகையை ஒவ்வொரு நாளும் இரவு 9 மணிக்கு இதே குரூப்பில் எழுதுவோம். மிச்சம் இருந்தால் அதே மருத்துவமனையில் வேறொரு நோயாளிக்குப் போகும். ₹100-ம் பெரிய உதவிதான். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள், நானே பேசுவேன்."

இதில் யார், என்ன நோய், எத்தனை நாள், எவ்வளவு, ஏற்கெனவே என்ன முயன்றோம், மிச்சம் எங்கே போகும் என எல்லாம் வந்துவிட்டது. தேதி போடுங்கள். தேதி இல்லாத செய்தி, நோயாளி குணமாகி இரண்டு வருடம் கழித்தும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

யாரிடம் முதலில்

பொது குரூப்பில் போடும் முன்னால் இருபது பேருக்குத் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், வேலை பார்க்கும் இடத்து முதலாளி, பத்தாம் வகுப்பு பேட்ச் நண்பர்கள். செய்தி அனுப்புவது வேறு, குரலில் கேட்பது வேறு. 'அண்ணே, உங்களால் முடிந்ததை இரண்டு நாளில் செய்ய முடியுமா?' என்று கேட்டு, அவர் சொல்லும் தொகையை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முகம் தெரியாதவர்கள் பார்க்கும்போது கணக்கில் ஏற்கெனவே ஒரு லட்சம் இருந்தால், சொந்த பந்தமே நம்பிக் கொடுத்திருக்கிறது என்று அவர்களுக்குப் புரியும். வெறும் பூஜ்யத்தைப் பார்த்தால் நகர்ந்துவிடுவார்கள்.

அடுத்த வட்டம்: ஆட்டோ ஸ்டாண்டு, வணிகர் சங்கம், அரிமா, ரோட்டரி, ஜமாஅத், சர்ச், கோயில் கமிட்டி, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் குரூப். ஒவ்வொரு வட்டத்துக்கும் அதற்குள்ளேயே இருக்கும் ஒருவர் சொல்ல வேண்டும். நீங்கள் நாற்பது குரூப்பில் ஒட்டுவதைவிட நாலு பேர் தங்கள் குரூப்பில் 'எனக்குத் தெரிந்த குடும்பம், நான் விசாரித்தேன்' என்று எழுதுவது மேல்.

ஏமாற்றுபவர்கள் இரண்டு பக்கமும் வருவார்கள்

உங்கள் படத்தையும் கதையையும் அப்படியே எடுத்து, கியூ.ஆர். குறியீட்டை மட்டும் மாற்றித் தங்கள் பேரில் சுற்றவிடுகிறார்கள். படத்தின் மேலேயே கணக்கு வைத்திருப்பவர் பெயரைப் பெரிதாக எழுதி, 'பணம் அனுப்பும்போது இந்தப் பெயர் வரவில்லை என்றால் அனுப்பாதீர்கள்' என்று போடுங்கள். இன்னொரு பக்கம், 'எங்கள் டிரஸ்ட் உங்களுக்குப் பத்து லட்சம் ஒதுக்கிவிட்டது, பதிவுக் கட்டணம் ஐயாயிரம் அனுப்புங்கள்' என்று உங்களுக்கே போன் வரும். பணம் கொடுக்க வருபவர் பணம் கேட்க மாட்டார். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணைப் போடவும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

நோட்டு

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, பெயர், ஊர், தொகை, எந்த வழியில் வந்தது. எதிர்ப்பக்கத்தில் செலவு: தேதி, எதற்கு, பில் எண். இதை நோயாளியின் மனைவியோ அம்மாவோ எழுத வேண்டாம், அவர்கள் ஐ.சி.யூ. வாசலில் இருப்பார்கள். கணக்கில் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் எழுதட்டும், இன்னொருவர் சரிபார்க்கட்டும். பெயர் சொல்ல விரும்பாதவரை 'நலம்விரும்பி' என்று எழுதுங்கள், ஆனால் தொகையை விடாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் மொத்தத்தைச் சொல்லுங்கள். நாங்கள் இரண்டாம் முறை திரட்டியபோது ஒரு நாள் கணக்குப் போடத் தவறினோம். மறுநாள் காலைக்குள் டீக்கடையில் ஆளுக்கொரு கதை கிளம்பிவிட்டது. அதன் பிறகு ஒன்பது மணியை ஒரு நாளும் தாண்டவில்லை.

இலக்கு வந்த அன்றே 'போதும், இனி அனுப்ப வேண்டாம்' என்று சொல்லுங்கள். தளத்தின் பக்கத்தை மூடுங்கள்.

சிலசமயம் பணம் சேர்ந்தும் நோயாளி பிழைப்பதில்லை. இதைப் பேச யாருக்கும் மனம் வராது, எங்களுக்கும் வரவில்லை. மூன்றாவது குடும்பத்துக்கு அப்படித்தான் ஆயிற்று. கட்டிய பணம் போக ₹1,12,000 கணக்கில் நின்றது. மிச்சம் என்ன ஆகும் என்று வேண்டுகோளிலேயே எழுதியிருந்ததால், அந்தத் துக்கத்தில் யாரும் யாரிடமும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனையில் பாக்கி இருந்த பில், உடலைக் கொண்டுவந்த வண்டி வாடகை ஆகியவை போக, மீதியைப் பக்கத்து வார்டில் இருந்த ஒரு பையனின் பேரில் கட்டினோம். அந்த ரசீதையும் குரூப்பில் போட்டோம். முதல் முறை, அந்தக் குழந்தைக்கு இலவசமாக ஆபரேஷன் முடிந்தபோது, நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டோம். சிலர் வாங்கிக்கொண்டார்கள். பலர் வேண்டாம் என்றார்கள். இரண்டுக்கும் நோட்டில் இடம் இருந்தது.

கடைசிச் செய்தியில் இருக்க வேண்டியவை: மொத்தம் வந்தது, மொத்தம் செலவு, மிச்சம் எவ்வளவு, எங்கே போனது, டிஸ்சார்ஜ் ஆன தேதி, நோயாளி இப்போது எப்படி இருக்கிறார். அதை அனுப்பிய பிறகு குரூப்பை மூடிவிடலாம். நோட்டையும் பில்களையும் மூடாதீர்கள். சில வருடங்களுக்கு ஒரே பையில் போட்டு பீரோவில் வையுங்கள். வருமான வரித் துறை கேட்டாலும், அனுப்பியவர் யாராவது கேட்டாலும் எடுத்துக் காட்ட அது வேண்டும்.